வீட்டில் தங்கியவருக்கும் ஒரு பங்கு



இரண்டு ரமளானுக்கு முன்பு, ஓர் இரவு பதினொரு மணியளவில் பக்கத்து வீட்டுச் சிறுவன் எங்கள் கதவைத் தட்டினான். கையில் நார்சாப் பொட்டலம். “பள்ளியில தமாம் முடிஞ்சிருச்சு மாமி, இன்னைக்கு இருபத்தேழாவது ராத்திரில்ல!” என்று கொடுத்துவிட்டு ஓடிவிட்டான். வாங்கியவர் பொட்டலத்தை ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, உம்மாவின் மூக்குக் குழாயில் பாதி இறங்கியிருந்த கஞ்சியை முடிக்கப் போனார். இருபத்தாறு நாளும் சஹருக்கு எழுந்து சோறு பொங்கியவர் அவர். ரமளான் நடக்கிறது என்பது தெரியும். எத்தனையாவது பிறை என்பது அந்தச் சிறுவன் சொல்லித்தான் தெரிந்தது.

இக்கட்டுரையைக் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே எழுதுகிறோம். ஆகவே சில இடங்களில் எங்களையே மூன்றாம் மனிதரைப் போலக் குறிப்பிட நேர்வதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்றிரவு எங்களுள் கணவர் பள்ளிவாசலில் இருந்தார். இமாமின் நீண்ட துஆவுக்கு ஆமீன் சொல்லிக் கண்கலங்கி நின்றார். மனைவி உம்மாவின் கட்டிலருகே இருந்தார். இருவருக்கும் வாய்த்தது ஒரே இரவுதான். ஒருவருக்கு மட்டுமே அது லைலத்துல் கத்ரைத் தேடும் இரவாக அமைந்தது.

பக்கவாதம் வந்து உம்மா படுத்து அப்போது ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது. இத்தகைய நோயாளி உள்ள வீடுகளை அறிந்தவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை; அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்கிறோம். அங்கே நாள் என்ற அளவு மறைந்து மணி என்ற அளவு வந்துவிடுகிறது. இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். குழாய் வழி உணவைத் தலைமாட்டை உயர்த்தி மெதுவாகச் செலுத்தி, அதன் பின்னும் அரைமணி நேரம் சாய்த்தே வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இவற்றோடு இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை அளவு, சிறுநீர்க் குழாய், துணி மாற்றல். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினக் காலண்டரின் தாள் மூன்று வாரமாகக் கிழிக்கப்படாமலே இருந்ததை ஒரு நாள் கண்டோம். அதற்குக் கீழே, மேசைமீது, மருந்துக் குறிப்பேடு ஒரு வேளைகூட விடுபடாமல் எழுதப்பட்டிருந்தது.

இதில் ஒரு வேதனையான பொருத்தமும் உண்டு. எங்கள் குடும்பத்தின் காலண்டராக இருந்தவரே உம்மாதான். யார் எந்த மாதத்தில் பிறந்தார், யாருக்கு எப்போது நிக்காஹ் நடந்தது, வாப்பா மௌத்தானது ரஜப் பிறை எத்தனை என்பதெல்லாம் அவர் நாவில் இருந்தன. ஆங்கிலத் தேதியை அவர் மதித்ததே இல்லை. முஹர்ரம் பிறந்தால் ஆஷூரா நோன்பை நினைவூட்டுவார். துல்ஹஜ் பிறந்தால் அரஃபா நோன்பு எந்தக் கிழமையில் வருகிறதென்று முதலில் கணக்கிட்டுச் சொல்வார். தொலைவில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு உரிய நாளில் போன் போட்டு துஆச் செய்வார். இந்த வேலைக்கு ஊதியமும் இல்லை, பெயரும் இல்லை. அவர் பேச்சிழந்த பிறகுதான் அது ஒரு வேலை என்பதே எங்களுக்குப் புலப்பட்டது. ஆண்டு முழுவதும் எல்லாருடைய நாளையும் நினைவில் சுமக்கும் ஒருவர் நம் வீடுகளில் ஏறக்குறைய எப்போதும் ஒரு பெண்ணாகவே இருக்கிறார். அவருடைய நாளை நினைவில் வைத்திருப்பவர் யார் என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் பதில் வராது.

எங்கள் திருமண நாளும் அவ்வாறுதான் போயிற்று. நம் வழக்கப்படி நிக்காஹ் பத்திரிகையில் ஹிஜ்ரி தேதியும் ஆங்கிலத் தேதியும் அச்சாகின்றன. பள்ளிவாசல் தஃப்தரிலும் இரண்டும் பதிவாகின்றன. ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு. ஆகவே இரண்டு தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு விலகிச் செல்லும். அதாவது, நினைவுகூர எங்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாய்ப்புகள் இருந்தன. இரண்டையும் தவறவிட்டோம். மருத்துவக் காப்பீட்டுப் படிவத்துக்காக நிக்காஹ் சான்றிதழைத் தேடி எடுத்தபோதுதான், ஷவ்வால் பிறை பத்தும் போய்விட்டது, ஆங்கிலத் தேதியும் போய்விட்டது என்பது தெரிந்தது. கணவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை, நகல் எடுக்க வேண்டிய பக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் சிலர் இடைமறிப்பார்கள் என்பதை அறிவோம். திருமண நாளைக் கொண்டாடுவது மார்க்கத்தில் உண்டா என்ற கேள்வி நம் சமூகத்தில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. கூடாது என்போர் உண்டு. மார்க்கச் சடங்காகக் கருதாதவரை குற்றமில்லை என்போரும் உண்டு. நாங்கள் கேக் வெட்டுவதில்லை. அந்த விவாதத்தில் நுழையவும் விரும்பவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “நம்ம மார்க்கத்துல அதெல்லாம் இல்ல” என்ற வாக்கியத்தை ஆண்கள் சொல்லக் கேட்கும்போது, பல வேளைகளில் அது பேணுதலால் வருகிறதா, மறதிக்குப் போர்த்திய போர்வையா என்ற ஐயம் எழுகிறது. அவ்வளவு பேணுதல் உள்ளவர்கள், மனைவியோடு சிரித்துப் பேசுவது, அவளுடன் வீட்டு வேலையில் பங்கெடுப்பது ஆகிய ஐயத்துக்கிடமற்ற சுன்னத்துகளையும் அதே உறுதியோடு பிடித்திருக்க வேண்டுமல்லவா? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்றே பதில் வந்தது. ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்ற செய்தி இது.

நினைவுகூர்தலுக்குத் தேதி வேண்டியதில்லை என்பதையும் அவர்களிடமே கற்கிறோம். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரும், மதீனாவில் ஓர் ஆடு அறுக்கப்பட்டால், அதன் துண்டுகளைக் கதீஜாவின் தோழியருக்கு அனுப்பிவைப்பார்கள். ஒருமுறை கதீஜாவின் சகோதரி ஹாலா வாசலில் நின்று அனுமதி கேட்டபோது, அந்தக் குரலில் கதீஜாவின் குரலைக் கேட்டு நபி (ஸல்) அவர்கள் நெகிழ்ந்தார்கள். அது எந்த நாள், எந்தப் பிறை என்று அறிவிப்பில் இல்லை. சாதாரண நாள் ஒன்றில் ஒரு குரல் கேட்டது, அவ்வளவுதான். இருபத்து நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக உடன் வாழ்ந்தவரின் குரலை அவர்களுடைய செவி மறக்கவில்லை.

ஆகவே தேதி தவறியதைப் பற்றி நாங்கள் இங்கே அழுதுகொண்டிருக்கவில்லை. அதைவிடப் பெரியது ஒன்று தவறுகிறது. அதைச் சொல்ல பத்ருக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு ரமளான் பிறை 17. நோன்பு கடமையாக்கப்பட்ட முதல் ரமளான் அது. பத்ருக்குச் சென்றவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். அன்று அங்கிருந்தோம் என்பதே அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு சிறப்பாயிற்று. பின்னாளில் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது, இவர் பத்ரில் கலந்துகொண்டவர் என்று சொன்னால் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாளில் உஸ்மான் (ரலி) அவர்கள் பத்ரில் இல்லை. மதீனாவில், நோயுற்றிருந்த மனைவியின் படுக்கையருகே இருந்தார்கள். அவர் மனைவி ருகையா (ரலி), நபி (ஸல்) அவர்களின் மகள். அவருடன் தங்கியிருந்து கவனித்துக்கொள்ளும்படி சொன்னவர்களும் நபி (ஸல்) அவர்களே. பத்ரின் வெற்றிச் செய்தியைச் சுமந்து ஸைத் பின் ஹாரிஸா (ரலி) மதீனாவுக்குள் நுழைந்த வேளையில், ருகையாவை அடக்கம் செய்து மண்ணைச் சமன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காட்சியை நாங்கள் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறோம். ஊர் முழுவதும் தக்பீர் முழங்குகிறது. ஒருவர் கையில் மட்டும் கப்ரின் மண். எல்லாரும் கண்ட மாபெரும் நாளை அவர் காணவில்லை. காண விடாமல் தடுத்த பணியும், அவர் மனைவியைக் காப்பாற்றவில்லை.

ஆனால் செய்தி இங்கே முடியவில்லை. பத்ரில் கலந்துகொண்ட ஒருவருக்குரிய கூலியும் பங்கும் உஸ்மானுக்கு உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். கூலி மறுமைக்கு உரியது. பங்கு என்பது போர்ப்பொருளில் கைக்கு வரும் பங்கு. “நீ செய்ததற்கு அல்லாஹ் கூலி தருவான்” என்று வாயால் சொல்லி விட்டுவிடவில்லை. இவ்வுலகிலேயே எண்ணி எடுத்து வைக்கப்படும் ஒரு பங்கையும் தந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் எகிப்திலிருந்து வந்த ஒருவர், உஸ்மான் பத்ரில் இல்லையே என்று குறையாகக் கேட்டபோது, இப்னு உமர் (ரலி) இந்தக் காரணத்தைத்தான் எடுத்துச் சொன்னார்கள். வீட்டில் தங்கியவரைப் பார்த்து “நீ அன்று எங்கே இருந்தாய்?” என்று கேட்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். இன்றும், “தராவீஹுல உங்கள ஒரு நாள் கூடப் பாக்கலியே” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அதே இப்னு உமர், பத்ர் ஸஹாபியான ஸயீத் பின் ஸைத் (ரலி) நோயுற்றிருக்கிறார் என்று ஒரு வெள்ளிக்கிழமை கேள்விப்பட்டு, ஜும்ஆ நேரம் நெருங்கிய நிலையில் அவரை நோக்கிப் புறப்பட்டார்கள். அன்று ஜும்ஆவை விட்டார்கள். நோயாளியைக் கவனிக்க வேறு ஆளில்லாத நிலையை ஜும்ஆவுக்கும் ஜமாஅத்துக்கும் வராமலிருக்க ஏற்ற காரணங்களுள் ஒன்றாக ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் எண்ணுகின்றன. நோயுற்றாலோ பயணத்தில் இருந்தாலோ, ஓர் அடியார் நலமாக ஊரில் இருந்தபோது செய்துவந்த அமல்களுக்கு ஒப்பானவை அவருக்கு எழுதப்படுகின்றன என்றும் ஹதீஸ் உண்டு. பராமரிப்பவரின் கைக்குத் தவறிப்போகும் நாட்கள் அல்லாஹ்விடம் தவறிப்போவதில்லை என்று நம்ப நமக்கு ஆதாரங்கள் நிறையவே இருக்கின்றன. அவனிடமிருந்து அவருக்குக் கூலி உண்டு. கேள்வி, நம்மிடமிருந்து அவருக்கு என்ன பங்கு என்பது.

நம் வீடுகளை நேர்மையாகப் பார்ப்போம். நாம் அந்த ஹதீஸின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். “உனக்கு நன்மை கெடைக்கும்மா” என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, மகன்கள் இஃதிகாஃபுக்குப் போகிறார்கள். பெற்றோர் முதுமையடைந்தால் அவர்களை நோக்கிச் “சீ” என்றும் சொல்லக் கூடாது என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிட்டது பிள்ளைகளுக்கு. அந்த வசனத்தை அழகிய ராகத்தில் ஓதுபவர் மகனாகவும், அதைச் செயலில் முடிப்பவர் வேறொரு வீட்டிலிருந்து வந்த பெண்ணாகவும் இருக்கிறார். மாமியாருக்கும் மாமனாருக்கும் பணிவிடை செய்வது மருமகள் மீது சட்டக் கடமையன்று, அது இஹ்ஸான், அவள் மனமுவந்து செய்யும் உபகாரம் என்பதே மார்க்கச் சட்ட அறிஞர் பலரின் நிலைப்பாடு. ஒருவர் உபகாரமாகத் தருவதை நாம் வரியைப் போல வாங்கிக்கொள்கிறோம். குகையில் அகப்பட்ட மூவரின் கதையில், பால் கிண்ணத்தை ஏந்தி, உறங்கிவிட்ட பெற்றோர் விழிக்கும்வரை வைகறைவரை நின்றவர் மகன்தான் என்பதை ஏனோ நாம் மறந்துவிடுகிறோம்.

எங்களை விடவும் கடினமான நிலையில் இருப்பவர்கள் சபராளிகளின் மனைவியர். கணவர் துபாயிலோ ரியாதிலோ இருப்பார்; அவருடைய பெற்றோர் ஊரில், கட்டிலில். பெருநாள் காலையில் வாட்ஸ்அப் அழைப்பு வரும். புதுச்சேலை உடுத்தியிருக்கிறாளா என்று அவர் ஆசையோடு பார்ப்பார். நாங்கள் அறிந்த ஒரு சகோதரி, நைட்டியின் மேலேயே அந்தச் சேலையைச் சுற்றிக்கொண்டு ஐந்து நிமிடம் பேசிவிட்டு, அழைப்பு முடிந்ததும் அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு மாமனாரைக் குளிப்பாட்டப் போனார். அவர் கணவர் கெட்டவர் அல்லர். அனுப்பும் பணத்தில் குறை வைப்பதும் இல்லை. ஐந்து நிமிடம் தெரிந்த சேலைக்குப் பின்னால் இருந்த நைட்டி அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவே. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் விடுப்பில், முதல் பதினைந்து நாள் விருந்துகளிலும் கல்யாணங்களிலும் போய்விடுகிறது. அந்தப் பதினைந்தில் ஐந்து நாள் தம் வாப்பாவைத் தாமே குளிப்பாட்டி, உணவூட்டி, இரவில் அருகே படுப்பது என்று அவர் முடிவெடுத்தால், எந்தத் தங்கச் சங்கிலியும் தராத ஒன்றை மனைவிக்குத் தந்தவராவார்.

பிறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சவூதிப் பிறையா, உள்ளூர்ப் பிறையா என்று ஒவ்வோர் ஆண்டும் நம் ஊர்களில் எவ்வளவு பேசுகிறோம்! ஒரே தெருவில் இரண்டு பெருநாள் கொண்டாடிய ஊர்கள் உண்டு. அந்த வாதங்களின் கல்விப் பெறுமதியை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பெருநாள் செவ்வாயா புதனா என்று வாசலில் நின்று வாதிட்ட அன்று மாலை, எங்கள் வீட்டின் உள்ளறையில் இருந்தவருக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

நலம் விசாரிக்க வருபவர்களைப் பற்றிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நோயாளியைப் பார்க்கச் செல்வது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. பெருநாள் அன்று எங்கள் வீட்டுக்கு அந்த நன்மையை நாடி இருபதுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். இருபது பேருக்கும் தேநீர் போட்டவர், வட்டிலப்பம் வெட்டித் தந்தவர், வந்தவர்கள் “மெலிஞ்சு போயிட்டியே” என்று கன்னத்தைத் தடவியபோது சிரித்தவர், எல்லாம் ஒருவரே. வரும்போது ஃபிளாஸ்கில் தேநீரை நீங்களே கொண்டுவாருங்கள். அதைவிட, “நான் ரெண்டு மணி நேரம் பெரியம்மாகிட்ட உக்காந்திருக்கேன், நீ போயிட்டு வா” என்று சொல்லுங்கள். அன்று வந்தவர்களுள் அப்படிச் சொன்னவர் ஒருவர் மட்டுமே. கைம்பெண், எங்களுக்கு உறவும் அல்லர்.

நம் ஜமாஅத்துகள் இதைச் செய்ய முடியாதா என்று கேட்கிறோம். அண்டை மாநிலத்தில் வழி இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிதணிப்புச் சிகிச்சை முயற்சி, பின்னர் மலப்புரம் முதலிய மாவட்டங்களில் அக்கம்பக்கத்துத் தொண்டர்களைக் கொண்ட பேரியக்கமாக வளர்ந்தது. தொண்டர்களும் செவிலியரும் படுத்த படுக்கையாயிருப்போரை வீட்டுக்கே சென்று பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வலிதணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வருகின்றன. இதை அறியாத குடும்பங்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கின்றன. ரமளானில் நோன்புக் கஞ்சிக்கு நாள்தோறும் உபயதாரர் பட்டியல் எழுதி ஒட்டும் பள்ளிவாசல்களுக்கு, படுக்கையில் நோயாளி உள்ள வீடுகளைப் பட்டியலிட்டு, கடைசிப் பத்து இரவுகளில் அங்கே சென்று அமர விரும்பும் பெண்களின் பெயரை எதிரே எழுதுவது இயலாத காரியமன்று. கஞ்சிக்குப் பெயர் கொடுக்க நாம் முந்துகிறோம். இதற்கும் முந்துவோர் இருப்பார்கள்.

எங்கள் வீட்டுக்கே திரும்புகிறோம். சான்றிதழைக் கண்ட அன்று இரவு கணவர், போனது போகட்டும், என்ன வாங்கித் தரட்டும் என்று கேட்டார். மனைவி உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் குறிப்பேட்டில் மருந்து எழுதிக்கொண்டே, “எனக்கு எதுவும் வேணாங்க. அடுத்த வருஷம் இருபத்தேழாவது ராத்திரிய எனக்குக் குடுங்க” என்றார்.

சென்ற ரமளானில் அவ்வாறே செய்தோம். தெருவின் கடைசியில் ஒரு வீட்டில் பெண்கள் கூடித் தொழுதார்கள். இஷாவுக்குப் பின் அவர் அங்கே சென்றார். கணவர் கட்டிலருகே அமர்ந்தார். இருபது ஆண்டுகளாகக் கடைசிப் பத்தில் பள்ளிவாசலை விட்டகலாதவர். குழாயில் உணவு கொடுத்து, புரட்டிப் படுக்க வைத்து, சரி, இனி இரண்டு ரக்அத் என்று கைகட்டினால் உம்மாவின் இருமல் வரும். ஓடிப்போய்த் தலையை உயர்த்தி, சளியை உறிஞ்சி எடுத்து, மீண்டும் தக்பீர் கட்டினால் துணி நனைந்திருக்கும். நள்ளிரவு தாண்டி வயிற்றுப்போக்கு. கழுவி, துடைத்து, விரிப்பு மாற்றி, தம் ஆடையும் மாற்றிக் குளித்துவிட்டு வந்து பார்க்கும்போது மணி மூன்றரை. அன்றிரவு முழுவதும் அவர் தொழுது முடித்தது நான்கு ரக்அத். பள்ளிவாசலின் ஒலிபெருக்கியில் துஆ கேட்டுக்கொண்டிருந்தது. உம்மாவின் உள்ளங்கையில் தம் கையை வைத்தபடி, இருந்த இடத்திலிருந்தே ஆமீன் சொன்னார். உம்மாவின் உதடுகள் அசைந்தன என்கிறார் அவர். கண்ணால் கண்டதா, ஆசையா என்பதை அவராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மனைவியின் இரவு வேறு விதமாகப் போயிற்று. தராவீஹ் தொழுதார். அதன் பின் கியாமுல்லைலுக்குச் சற்று இடைவெளி விட்டார்கள். சுவரில் சாய்ந்து தஸ்பீஹ் ஓதத் தொடங்கியவர் அப்படியே உறங்கிவிட்டார். யாரோ தலையணை வைத்திருக்கிறார்கள், போர்வையும் போர்த்தியிருக்கிறார்கள். சஹருக்கு எழுப்பியபோதுதான் விழித்தார். கேட்டு வாங்கிய இரவைத் தூங்கித் தொலைத்துவிட்டேனே என்று வீட்டுக்கு வந்து அழுதார்.

இதில் நாங்கள் இருவரும் இன்றுவரை ஒத்த கருத்துக்கு வரவில்லை. களைப்பு வந்தால் பிடித்துக்கொள்வதற்கென இரு தூண்களுக்கிடையே ஸைனப் (ரலி) அவர்கள் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, உற்சாகம் இருக்கும்வரை தொழட்டும், களைத்தால் அமரட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதைக் கணவர் எடுத்துக்காட்டுகிறார். அந்தத் தூக்கமே உனக்கு வரவேண்டிய பங்கு என்கிறார். மனைவி அதை மறுக்கவில்லை. ஆனால், தூக்கம் மற்ற நாட்களிலேயே கிடைத்திருந்தால் அந்த இரவில் விழித்திருந்திருப்பேனே, ஓர் இரவைக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமா என்று கேட்கிறார். அதற்குக் கணவரிடம் பதில் இல்லை.

வரும் ரமளானுக்கு அவர் ஓர் இரவை மட்டும் கேட்கவில்லை. கடைசிப் பத்து நாளும் லுஹருக்குப் பின் அஸர்வரை தூங்குவதற்கு நேரம் கேட்டிருக்கிறார். கணவர் அலுவலகத்தில் விடுப்புக்கு எழுதியிருக்கிறார்; ஐந்து நாள் கிடைக்கும் போலிருக்கிறது. மீதி ஐந்து நாளுக்கு உம்மாவின் மகளைக் கேட்டிருக்கிறோம். அவருக்கும் வீட்டில் தேர்வு எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். காத்திருக்கிறோம்.